முதல் செமஸ்டரில் தடுமாறும் மகளுக்கு

கேள்வி: எஸ்.பி.எம். முடித்துவிட்டு பினாங்குத் தீவிலுள்ள ஒரு சமூகக் கல்லூரியில் மின்னியல் தொழில்நுட்பச் சான்றிதழ் படிக்கிறேன். முதல் செமஸ்டர், ஏழாவது வாரம். 16 கிரெடிட் எடுத்திருக்கிறேன். வாரம் ஆறு நாள், மாலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். அப்பாவால் முன்போல் வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டுக்கு என் சம்பளமும் வேண்டும். மின்சுற்றுப் பாடத்தில் முதல் குவிஸில் 20-க்கு 6 புள்ளிதான். வாரம் ஒருமுறை நடக்கும் அந்த வகுப்புக்கு அசதியில் இரண்டு தடவை போகவில்லை. சித்தப்பா மகள் மெட்ரிகுலேஷன் படிக்கிறாள். "சமூகக் கல்லூரியெல்லாம் ஒரு படிப்பா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்குப் படிப்பே வராதோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்திவிட்டு முழுநேரமாகக் கடைக்கே போய்விடலாமா ஐயா?

– பெயர் வெளியிட விரும்பாத மாணவி, டத்தோ கெராமட்

பதில்: அன்பு மகளே, நிறுத்திவிடாதே. உனக்குப் படிப்பு வராது என்பதற்கு உன் கடிதத்தில் ஒரு சான்றுகூட இல்லை. நேரம் போதவில்லை என்பதற்குத்தான் வரிக்கு வரி சான்று இருக்கிறது.

மலேசியத் தகுதி நிர்ணய முறைப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, பட்டறை, வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் அதில் அடங்கும். உன் 16 கிரெடிட்டுக்கு 640 மணி நேரம். பாடம் நடக்கும் 14 வாரங்களோடு தேர்வுக்காலத்தையும் சேர்த்து 16 வாரம் என்று வைத்தாலும், வாரத்துக்கு 40 மணி நேரம் வருகிறது. கடையில் 30 மணி நேரம். ஆக 70. பஸ்ஸில் போகும் நேரம் தனி. இப்படி வாழ்கிற எவருக்கும் காலையில் கண் திறக்காது.

பள்ளியில் இந்தக் கணக்கை உனக்காக ஆசிரியர்கள் போட்டார்கள். கல்லூரியில் யாரும் போட்டுத் தரமாட்டார்கள். அட்டவணையில் காலியாகக் கிடக்கும் மதிய நேரத்தை ஓய்வு என்று எண்ணித்தான் பலர் முதல் செமஸ்டரைக் கோட்டை விடுகிறார்கள். அந்த நேரமும் உன் 40 மணியில் சேர்ந்தது. வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஓடாமல் நூலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், இரவு பத்து மணிக்குமேல் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்காது.

அடுத்து, வருகை. பொதுவாக 80 விழுக்காடு வேண்டும் என்பது விதி. வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பில் 14-க்கு மூன்றைத் தவறவிட்டால் 78 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுவாய். இறுதித் தேர்வு எழுதும் வாய்ப்பே பறிபோகலாம். நீ ஏற்கெனவே இரண்டு முறை போகவில்லை. இனி அந்த வகுப்பை எக்காரணத்துக்காகவும் விடாதே. உடம்பு முடியாமல் போனால் கிளினிக் எம்.சி.யை உடனே கொடுத்துவிடு.

குவிஸ் தாளை எடுத்து, போன 14 புள்ளிகள் எங்கே போயின என்று பார். ஓம் விதிக் கணக்குகளில் புதியவர்கள் பெரும்பாலும் அலகில்தான் தடுக்கி விழுவார்கள். 12 வோல்ட், 4 கிலோ ஓம் என்றால் மின்னோட்டம் 3 மில்லி ஆம்பியர். அவசரத்தில் 3 ஆம்பியர் என்று எழுதிவிடுவார்கள். பிழை இத்தகையது என்றால் இரண்டு வாரப் பயிற்சியில் சரியாகிவிடும். பாடமே புரியவில்லை என்றால் தாளோடு விரிவுரையாளரைப் போய்ப் பார். "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று பொதுவாகச் சொல்லாதே. "இந்த மூன்றாவது கணக்கில் இந்த இடத்தில் நிற்கிறேன்" என்று காட்டிக் கேள். அப்படிக் கேட்பவருக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. தொடர் மதிப்பீட்டில் இன்னும் செய்முறையும் ஒப்படைப்புகளும் இருக்கின்றன; ஒரு குவிஸோடு எதுவும் முடிந்துவிடவில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் படிப்பைப் பற்றி மட்டும் பேசுவது உனக்கு நியாயமாகாது. கடை முதலாளியிடம் வெள்ளி மாலையும் சனி, ஞாயிறும் மட்டும் வருவதாகக் கேட்டுப் பார். 15 மணி நேரத்துக்குள் நின்றால் சமாளிக்கலாம். குறையும் வருமானத்தை ஈடுகட்ட, கல்லூரியின் மாணவர் நலப் பிரிவில் நிதியுதவி பற்றி விசாரி. பினாங்கு இந்து அறப்பணி வாரியமும் உயர்கல்வி மாணவர்களுக்கு உதவி வழங்கி வருகிறது. உன் படிப்பு அதற்குத் தகுதி பெறுமா என்று நேரில் கேட்டு விண்ணப்பம் செய்.

உறவினர்களின் பேச்சுக்கு வருவோம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை எழுந்ததும், இன்டெல் அங்கே ஆலை திறந்ததும் 1972-இல். ஆலைகள் பெருகப் பெருகத் திறனாளர்கள் போதவில்லை. அதனால்தான் 1989-இல் தொழில் நிறுவனங்களும் மாநில அரசும் சேர்ந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தன. அத்தகைய தேவைக்கு நாடு முழுவதும் ஆள் உருவாக்க 2001-இல் தொடங்கியவை சமூகக் கல்லூரிகள். உன் சான்றிதழ் தேசியத் தகுதிக் கட்டமைப்பில் 3-ஆம் நிலை. டிப்ளோமா 4, இளநிலைப் பட்டம் 6. நல்ல புள்ளி எடுத்தால் போலிடெக்னிக்கில் டிப்ளோமா, பிறகு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று போகலாம். அல்லது எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதிக்கு முயன்று, சொந்தக் காலில் நிற்கலாம். சித்தப்பா மகள் வேறு வழியில் போகிறாள், அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டு நிலைமை தாங்காது என்றால், படிப்பை ஒத்திவைக்க முறைப்படி விண்ணப்பிக்க வழி உண்டா என்று கேள். ஒத்திவைத்தவர் திரும்பி வரலாம். சொல்லாமல் நின்றுவிட்டவருக்குத் திரும்பும் வழி அடைபடும். கல்லூரியில் உனக்கென ஒரு பெனாசிஹாட் அகாடமிக் (கல்வி ஆலோசகர்) இருப்பார். இந்த வாரமே அவரிடம் அப்பாவின் உடல்நிலை, வேலை நேரம், தவறிய வகுப்புகள் அனைத்தையும் மறைக்காமல் சொல். விலகுவதா என்ற கேள்வியை முதல் செமஸ்டர் முடிவு வந்தபின் எடுத்துக்கொள். அதுவரை உன் வேலை, அடுத்த வகுப்புக்கு நேரத்தோடு போய் உட்காருவதுதான்.