வாடகைக்குக் கட்டிடம்: பணம் எங்கிருந்து?

கடையில் நாலு காசு மிஞ்சினால் அதை எதில் போடுவது என்ற கேள்வி நமது வணிகப் பெருமக்களுக்கு எப்போதும் உண்டு. நகை, நிலம், சீட்டு என்ற வரிசையில் வாடகைக்கு விடும் வீடும் கடையும் சேர்ந்து வெகுநாளாகிறது. ஷட்டரைத் தூக்க உடம்பு ஒத்துழைக்காத வயதில் மாதம் பிறந்தால் வாடகை வரும் என்று எண்ணுவது நியாயமே. ஓய்வூதியம் இல்லாத தொழில் நம்முடையது. ஆனால் "கடன் போட்டு வாங்கிவிடுவோம், வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்று சிலர் பேசுவதைக் கேட்கும்போதுதான் கவலையாக இருக்கிறது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 30 லட்சம் ரூபாயில் ஒரு வீடு. வங்கி 80 சதவீதம், அதாவது 24 லட்சம் தருகிறது. வட்டி 9 சதவீதம், 15 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 24,350 ரூபாய். அந்த வீட்டுக்கு 9,000 ரூபாய் வாடகை கிடைப்பதாகக் கொள்வோம். மீதி 15,350 ரூபாய் கல்லாவிலிருந்துதான் போக வேண்டும். 20 ஆண்டுக்கு நீட்டினால் தவணை 21,600 ஆகக் குறையும். ஆனால் மொத்தத்தில் 8 லட்சம் கூடுதலாகக் கட்டியிருப்போம். இது தவிர, கைமுதல் 6 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து இன்னொரு 2,70,000 ரூபாய். இந்தப் பத்திரச் செலவை வங்கிகள் பொதுவாக வீட்டின் விலையில் சேர்த்துக் கடன் தருவதில்லை.

ஆகவே முதன்முதலாக இறங்கும் சிறு வணிகருக்கு நாம் சொல்லும் யோசனை, புது இடம் தேடாமல் சொந்த வீட்டின் மாடியைப் பாருங்கள் என்பதுதான். நிலத்துக்குக் காசில்லை, கிரயப் பத்திரச் செலவும் இல்லை. 550 சதுர அடி, சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் சுமார் 12 லட்சம். கையில் 4 லட்சம் இருந்து 8 லட்சம் கடன் வாங்கினால், அதே வட்டிக்கும் அதே 15 ஆண்டுக்கும் தவணை 8,100 ரூபாய் சொச்சம். மாடி 7,500 ரூபாய்க்குப் போனாலும் கடையிலிருந்து கொடுக்க வேண்டியது 600 ரூபாய்தான். பழைய வீடு தூண் எழுப்பிக் கட்டியதா, சுவர் மேல் நிற்பதா என்று பொறியாளரிடம் காட்டிவிட்டு இறங்குங்கள். அனுமதி இல்லாத மாடிக்கு வங்கி கடன் தராது. தமிழக அரசு 2024 ஜூலையில் சுயசான்று முறையைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் குடியிருப்புக்கு இணையவழியில் அனுமதி பெறலாம். கட்டிடக் கடனை வங்கி ஒரே தடவையில் தராது. வேலை ஏற ஏறத்தான் தரும். கொத்தனாருக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்கக் கைப்பணம் வேண்டும்.

கடன் கேட்டுப் போகும் மளிகைக்காரர் பெரும்பாலும் திரும்பி வருவது எதனால்? கடையில் கூட்டம் நிற்கும். வருமான வரிக் கணக்கிலோ ஒன்றும் இருக்காது. பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு, நடப்புக் கணக்கின் வரவு செலவு ஆகியவற்றை வைத்தே மேலாளர் தொகையை முடிவு செய்வார். ஆகவே மூன்று ஆண்டு கழித்துக் கட்ட எண்ணுகிறவர் இன்றிலிருந்தே விற்பனைப் பணத்தை வங்கியில் செலுத்தி, உள்ளபடி கணக்குக் காட்டி வர வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

கடன் கிடைக்கவில்லை என்றதும் நம்மவர்கள் கை வைப்பது இரண்டு இடங்களில். ஒன்று, சரக்கின் பேரில் வாங்கிய கேஷ் கிரெடிட். அதை எடுத்துச் செங்கல் வாங்கினால் தீபாவளிக்கு மண்டியில் ரொக்கத்துக்குச் சரக்கு எடுக்கக் காசு இருக்காது. கடனுக்கு எடுத்தால் விலை கூடும். சரக்கு சுழலும், சுவர் சுழலாது. வங்கிக்குக் கொடுக்கும் இருப்புப் பட்டியலில் இல்லாத சரக்கைக் காட்ட வேண்டியும் வரும். அது பெரிய வம்பு.

இரண்டாவது, லீஸ் என்று நாம் சொல்லும் ஒத்திப் பணம். பாதி கட்டிய மாடியைக் காட்டி 5 லட்சம் வாங்கி, வேலையை முடித்துக் குடி வைத்துவிடுவார்கள். வட்டியில்லாப் பணம் என்று பெயர். 6,000 ரூபாய் வாடகைக்குப் போகும் வீடானால் ஆண்டுக்கு 72,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறோம்; 5 லட்சத்துக்கு அது 14.4 சதவீத வட்டி. வங்கி வீட்டுக்கடனைவிட இது அதிகம். கெடு முடிந்ததும் முழுத் தொகையையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். அடுத்த ஆள் கிடைக்காவிட்டால் கடைச் சரக்குதான் கரையும்.

வீடா, கடையா என்று முடிவு செய்யும்போது வரியையும் பாருங்கள். குடியிருக்க விடும் வீட்டு வாடகைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர் தம் பெயரில் உள்ள கடையை வாடகைக்கு விட்டால் 18 சதவீதம் வசூலித்துக் கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர், முந்தைய ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம் அல்லது 5 லட்சம், எது அதிகமோ அந்த அளவுக்கு மேல் இத்தகைய சேவை வருவாய் பெற்றால் திட்டத்தை விட்டே வெளியேற நேரும். வருமான வரியில், வீட்டு வரி கட்டியது போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று கழிவு கிடைக்கும். கடன் வட்டியும் கழியும். புதிய வரிமுறையில் வட்டி வாடகையை மிஞ்சினால், அந்த நஷ்டத்தைக் கடை லாபத்தில் கழிக்க முடியாது.

குடி வைக்கும்போது வாய்ப்பேச்சு வேண்டாம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய சட்டம் 22-2-2019 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தெரிந்தவர், நம் கடை வாடிக்கைக்காரர் என்றாலும் ஒப்பந்தம் எழுதிய பிறகே சாவியைக் கொடுங்கள்.