மூலநிரலினின்று நிரலகம் அமைக்குங்கால் நேரும் பிழைகள்

ஈயவெழுத்துக் கோத்த அச்சகங்களில் ‘கொ’ என்னும் எழுத்தை அமைப்பவர் ஒற்றைக்கொம்பை முன்னும், ககரத்தை நடுவிலும், காலைப் பின்னும் தம் கையாலேயே அடுக்குவர். கணினியிலோ, யூனிக்கோடு முறைப்படி ககரம் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் நினைவில் வைக்கப்படுகின்றன. திரையிற் கொம்பை முன்னே கொணர்ந்து நிறுத்துந் தொழிலை ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகம் செய்கின்றது. பயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு ஆகியன இதனையே பயன்படுத்துகின்றன. இதன் மூலநிரல் யாவர்க்கும் பொதுவாய்த் திறந்து கிடப்பது. ஆயினும், தமிழெழுத்தின் வடிவில் ஒரு குறை கண்டு அதனைத் திருத்த விரும்புவோன், திருத்திய மூலநிரலினின்று நிரலகத்தைத் தானே அமைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு முயல்வோர் பலர் திரை நிறையப் பிழையறிக்கை கண்டவுடன் கைவிட்டு விடுகின்றனர். அதனால் நம் எழுத்தின் காரியம் பிறர் கைக்கே போகின்றது. ஆகவே அப்பிழைகளை ஆராயும் முறையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

முதற்கண் அறியவேண்டுவது, பிழை எப்படியில் நேர்ந்தது என்பதே. நிரலகம் அமையும் வேலை நான்கு படிகளை உடையது: வேண்டிய துணைகள் உளவோ எனத் தேடுதல், தலைப்புக் கோப்புகளைச் சேர்த்தல், தொகுத்தல், இணைத்தல்.

தேடும் வேலையை ஹார்ஃப்பஸில் மெசான் என்னுங் கருவி செய்கின்றது. ஒரு துணையைக் ‘கட்டாயம்’ எனக் குறித்திருப்பின், அது கிடையாதவிடத்து மெசான் நின்றுவிடும். ‘தானாகத் தேர்க’ என விட்டிருப்பின், அப்பகுதியை விடுத்து மேற்செல்லும். இங்ஙனம் பிழையொன்றும் இன்றி வேலை முடிந்தும், எதிர்பார்த்த பகுதி காணப்படாமற் போதல் உண்டு. ஆதலின் மெசான் இறுதியிற் காட்டும் தொகுப்புரையைப் படியாது செல்லலாகாது.

அடுத்தது, ‘எஃப்டி2பில்டு.எச் என்னுங் கோப்பு இல்லை’ என்பது போன்ற அறிக்கை. இது ஃப்ரீடைப் என்னும் எழுத்துரு நிரலகத்தின் தலைப்புக் கோப்பு. ஃப்ரீடைப் கணினியில் இருக்கின்றதே என்று சிலர் மயங்குவர். நிரல்களை ஓட்டுதற்குரிய பொதி வேறு. அமைத்தற்குரிய பொதி வேறு. பின்னதன் பெயர் டெபியனில் ‘டெவ்’ என்றும், ஃபெடோராவில் ‘டெவல்’ என்றும் முடியும். அதனை நிறுவியபின்னும் பிழை நீங்காதாயின் இடத்தை ஆராய்க. அக்கோப்பு ‘ஃப்ரீடைப்2’ என்னும் உட்கோப்புறையில் இருப்பது. அவ்விடத்தைத் தொகுப்பிக்குத் தெரிவிப்பது பி.கே.ஜி.-கான்ஃபிக் என்னுங் கருவி.

மூன்றாவது, தொகுத்தலில் நேர்வன. ஏட்டுச்சுவடி ஆராய்வோர் ஒரு சொல்லைத் தவறாகப் பிரிப்பின், அவ்வடியிற் பின்வருஞ் சொற்களெல்லாம் பொருளின்றி நிற்கக் காண்பர். தொகுப்பியின் நிலையும் அதுவே. ஒரு பிழை நூறு பிழைகளைப் பெறும். சான்றாக, ஹார்ஃப்பஸின் இக்காலப் பதிப்புக்குச் சி பிளஸ் பிளஸ் மொழியின் 2011 தரம் வேண்டும். 2016-இல் வெளிவந்த ஜி.சி.சி. 6-க்கு முற்பட்ட தொகுப்பிகள், தனியே கேட்டாலன்றி அத்தரத்தை மேற்கொள்ளா. மெசானின்றி நேரே தொகுப்போர்க்கு அவை வரிக்கு வரி குறை கூறும். ஆயின் 2011 தரம் வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடும். அவ்வொன்றைத் தீர்க்க ஏனையவும் நீங்கும். ஆகவே முதற்பிழையையே படிக்க. பல வேலைகள் ஒருங்கே நடப்பின் பல கோப்புகளின் அறிக்கைகள் அடுத்தடுத்துத் தோன்றுமாதலின், நிஞ்சா என்னுங் கருவியை ஒரு வேளைக்கு ஒரு வேலையே செய்யுமாறு ஏவுதல் நலம். எச்சரிக்கை வேறு, பிழை வேறு என்பதையும் மறவற்க.

நான்காவது, ‘வரையறுக்கப்படாத சுட்டு’ என்னும் அறிக்கை. இது தொகுப்பியின் கூற்றன்று, இணைப்பியின் கூற்று. தலைப்புக் கோப்பு பெயரை மட்டும் அறிவித்தது. பொருளைத் தரும் நிரலகம் சேர்க்கப்படவில்லை என்பது கருத்து. மூலநிரலைத் திருத்துதலால் இது தீராது. விடுபட்ட நிரலகத்தைச் சேர்த்தல் வேண்டும். அந்நிரலகம் நிலையான வகையினதாயின், வேண்டுவது முன்னும் வழங்குவது பின்னுமாக நிற்றல் வேண்டும். ஏனெனில் குனு இணைப்பி இடமிருந்து வலமாகவே தேடிச் செல்லும்.

இவற்றையெல்லாம் செய்துங் குறை நீங்காவிடின், பழைய கட்டுமானக் கோப்புறையை அகற்றி முதலிலிருந்து தொடங்குக. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்க. பல மாற்றங்களை ஒருங்கே செய்வோன் வென்றாலுங் காரணம் அறியான்.

வேலை முடிந்தபின் ஹெச்.பி.-ஷேப் என்னும் சிறு கருவிக்கு ஒரு தமிழ் எழுத்துருவையும் ‘கொ’ என்னும் எழுத்தையும் கொடுத்துப் பார்க்க. கொம்பு, ககரம், கால் என்னும் வரிசை தோன்றின் நிரலகம் செவ்வனே அமைந்தது எனத் தெளியலாம். அக்கருவியே காணப்படாவிடின், அதற்கு வேண்டிய ஜிலிப் என்னுந் துணை கிடைத்ததோ என முதற்படிக்கு மீண்டு நோக்குக.

பிழையறிக்கை நம்மைப் பழிக்கும் மொழியன்று; எவ்விடத்தே யாது குறைந்தது எனக் காட்டும் குறிப்புரையே. பாட்டின் உரையைப் பொறுமையுடன் பயிலும் நம் மாணவர்க்கு இவ்வுரையும் அரிதன்று. தமிழெழுத்தைத் திரையில் நிறுத்தும் நிரலகத்தைத் தமிழ் பயில்வோரே அமைக்கவும் திருத்தவும் வல்லராதல் வேண்டும்.