துறை நான்கு, காவல் ஒன்று

மட்டாஞ்சேரிக் கடைவீதியின் பழைய பண்டகசாலைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றின் ஒரு வாயில் வீதியை நோக்கியும் மற்றொன்று காயலை நோக்கியும் இருக்கும். படகில் வந்த மிளகு மூட்டை நீர்வாயிலில் இறங்கும். கணக்கர் பார்த்த பின்னரே உள்ளே செல்லும். இன்று அதே கொச்சிக் கரைக்குத் தகவலும் கடல்வழி வருகிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீசியசு வழியாக வரும் 'சேஃப்' என்னும் கடலடி வடம் 2002 முதல் இங்கே கரையேறியுள்ளது. வருவன எல்லாம் நல்லவை என்று கொள்ள இயலாது. எனவே இங்கும் ஒரு கணக்கர் வேண்டும். அவரே தீயரண் கணினி; மக்கள் வழக்கில் 'ஃபயர்வால்'.

இடப்பள்ளியில் ஒரு பள்ளி இருப்பதாகக் கொள்வோம். வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பு ஒன்று; கணினிக்கூடம் ஒன்று; மதிப்பெண்ணும் கட்டணக் கணக்கும் உள்ள அலுவலகம் ஒன்று; விருந்தினருக்கான வைஃபை ஒன்று. இந்நான்கையும் பிரித்துக் காக்க, தீயரணுக்கு நான்கு துறைகள் உள்ள பிணைய அட்டை தேவை. துறை என்பது வடத்தைச் செருகும் இடம். கடைக்காரர் 'போர்ட்' என்பார். கப்பலுக்குத் துறை என்றும் கணினிக்குப் போர்ட் என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்தான்.

நான்கு துறை அட்டை ஒரு சுவிட்ச் அன்று. இதனைப் பலரும் மயங்கிக் கொள்கின்றனர். சுவிட்ச் தன்னோடு இணைந்த கணினிகளை ஒரே முற்றத்தில் கூட்டுவது. தீயரண் அட்டையின் ஒவ்வொரு துறையோ தனித்தனி வாசல். கணினிக்கூடத்து மாணவன் இணையத்திற்குச் செல்லலாம், அலுவலக வாசலுக்குச் செல்லலாகாது என்று விதி வகுக்கலாம். அலுவலகத்தையும் கூடத்தையும் ஒரே சுவிட்சில் பிரிக்காமல் இணைத்துவிட்டால், அவற்றிடையே செல்லும் தகவல் தீயரணின் கண்ணிலேயே படாது. மதிப்பெண் பட்டியல் பிறர் கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கும்.

இனி அட்டையைத் தெரிதல். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரைவிட உள்ளிருக்கும் சில்லின் எண்ணே முதன்மையானது. பிஎஃப்சென்ஸ், ஓப்பிஎன்சென்ஸ் ஆகிய தீயரண் மென்பொருள்கள் ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயக்க முறைமையின் மேல் இயங்குவன. அம்முறைமையில் அச்சில்லுக்கு உரிய இயக்கி மென்பொருள் இருக்க வேண்டும். இன்டெல் ஐ350 என்னும் சில்லுக்கு அது உடனமைந்துள்ளது. ரியல்டெக் 8125 என்னும் சில்லுக்கோ ஃப்ரீபிஎஸ்டி 13இல் உடனமைந்த இயக்கி இல்லை. தனியே நிறுவ வேண்டும். இணையத்திலிருந்து இயக்கியை இறக்க இணைப்பு வேண்டும். இணைப்புக்கோ இயக்கி வேண்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான்! ஆதலால் பணம் கொடுக்கும் முன்னரே, நாம் நிறுவப்போகும் பதிப்பின் வன்பொருள் பட்டியலில் சில்லின் எண்ணைத் தேடுக.

அடுத்து, அட்டை பொருந்தும் பள்ளம். இது பிசிஐ எக்ஸ்பிரஸ் எனப்படும். ஒரு கிகாபிட் துறை நொடிக்கு 1000 மெகாபிட், அதாவது 125 மெகாபைட் கடத்தும். நான்கு துறைகளும் நிறைந்து ஓடினால் ஒரு திசைக்கு 500 மெகாபைட். முதல் தலைமுறைப் பள்ளத்தின் ஒரு தடம் தருவது 250 மெகாபைட் மட்டுமே. இரண்டு துறைகளுக்கே அது சரியாகிவிடும். ஐ350 அட்டை நான்கு தடங்களையும் இரண்டாம் தலைமுறையையும் கொண்டது. தடத்திற்கு 500 வீதம் 2000 மெகாபைட், போதுமானதற்கு மேல். பள்ளத்தின் நீளத்தை மட்டும் நம்பலாகாது. நீண்ட பள்ளத்துள் சில தடங்களே கம்பியிடப்பட்டிருப்பதும் உண்டு. தாய்ப்பலகையின் கையேடு அதனைச் சொல்லும்.

அட்டையின் உலோகப் பட்டையையும் அளந்து பார்க்க வேண்டும். முழு உயரப் பட்டை ஏறத்தாழ 12 செ.மீ., குறும்பட்டை 8 செ.மீ. மெலிந்த பெட்டியில் முழுப்பட்டை நுழையாது. பழைய சேவையகங்களிலிருந்து கழற்றிய அட்டைகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றுள் சில, குறிப்பிட்ட சேவையகத்திற்கென்றே வேறு வகை இணைப்பு முனையோடு செய்யப்பட்டவை. பொதுப் பள்ளத்தில் அமரா. படத்தில் அம்முனையைக் காணாமல் வாங்குவது வீண்செலவே.

பயிற்சி

1. முதல் தலைமுறைப் பள்ளத்தின் நான்கு தடங்கள் நான்கு கிகாபிட் துறைகளுக்குப் போதுமா? கணக்கிட்டு எழுதுக.

2. 'அட்டை ஒரு சுவிட்ச் அன்று' என்பதில் 'அன்று' ஒருமைக்கு உரியது. 'இவை சுவிட்சுகள் ____' என்பதை நிரப்புக.

3. உங்கள் பள்ளியின் பிணையத்தை எத்தனை வாசல்களாகப் பிரிப்பீர்கள்? ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி வகுத்து எழுதுக.