வெறும் கதையா, வைத்தியமா?

மேலாளர் முகம் சுளித்தாலே வேலை போய்விடுமென்று இரவெல்லாம் தூக்கமில்லை. 'அறிகை நடத்தைச் சிகிச்சை' எடுக்கச் சொல்கிறார்கள். வெறும் கதைதானே, அதில் என்ன சுகம் வரும்?
– வாசகி, கட்டுகஸ்தோட்டை

வெறும் கதையென்றால் பக்கத்து வீட்டிலேயே முடித்திருக்கலாமே, சகோதரி! இதில் வீட்டுவேலையும் உண்டு. 1960களில் அமெரிக்க உளமருத்துவர் ஆரோன் பெக் வளர்த்தெடுத்த முறை இது. 'முகம் சுளித்தார்' என்று கொப்பியில் ஒரு பக்கம் எழுதுவீர்கள். 'வேலை போகும்' என்பது மறுபக்கம். ஆதாரம் என்ன, அவருக்குப் பல்வலியாக இருக்கக்கூடாதா என்று சிகிச்சையாளர் குடைவார். பிறகு, நீங்கள் கண்டு ஒதுங்கிய அதே மேலாளரிடம் நேரே போய் ஏதாவது கேட்டு வரச் சொல்வார். தூக்கம் திரும்புவது பெரும்பாலும் அங்கேதான்.

கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ மனநலப் பிரிவில் விசாரியுங்கள். அரச வைத்தியசாலை, கட்டணமில்லை. தமிழில் கதைக்க வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கிடையில் மனம் தவித்தால் மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள்.