நான்கு முறை கொடி மாறிய ஊர்

எல்லை என்றதும் நம்மில் பலருக்கு ஜொகூர் பாலமும் கடப்பிதழ் வரிசையும்தான் நினைவுக்கு வரும். ஜெர்மனியில் ஒரு பருவம் மாற்று மாணவனாகப் படித்தபோது நான் கண்ட எல்லை வேறுவகை. ஒரு சனிக்கிழமை காலை, கேல் என்னும் ஜெர்மானிய ஊரில் டிராம் ஏறினேன். ஜன்னல் வழியே ரைன் ஆறு தெரிந்தது. பாலத்தைக் கடந்ததும் பிரான்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க் நகரம். இந்த டிராம் தடம் கேல்வரை நீட்டப்பட்டது 2017இல்தான். அதற்கு முன்னர் இதே ஆற்றைப் படைகள் பலமுறை கடந்திருக்கின்றன.

ஊரைப் பார்க்கவும் உண்ணவும்தான் போனேன். திரும்பும்போது வேறொன்றும் என்னுடன் வந்தது. அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர் கடந்து வந்த பாதை

ஸ்ட்ராஸ்பூர்க், அல்சாஸ் வட்டாரத்தின் தலைநகர். ஜெர்மானிய மொழி பேசிய இந்நகரை 1681இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி கைப்பற்றினார். 1871இல் அது ஜெர்மானியப் பேரரசுக்குப் போனது. 1918இல் மீண்டும் பிரான்ஸ், 1940இல் நாஜி ஜெர்மனி, 1944 நவம்பரில் மறுபடியும் பிரான்ஸ். 1870இல் அங்கே பிறந்த ஒருவர், ஊரைவிட்டு நகராமலேயே 75 வயதுவரை வாழ்ந்திருந்தால் நான்கு முறை நாடு மாறியிருப்பார்!

இல் ஆறு சூழ்ந்த பழைய நகரின் நடுவே செந்நிற மணற்கல்லால் ஆன பேராலயம் நிற்கிறது. 142 மீட்டர் உயரமுள்ள அதன் கோபுரம், 1647 முதல் 1874 வரை உலகின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது. பழைய நகரை 1988இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்தது. 1871க்குப் பின் ஜெர்மானியர் எழுப்பிய புதுநகர்ப் பகுதியும் 2017இல் அதில் சேர்க்கப்பட்டது.

அப்புதுநகரின் சதுக்கம் ஒன்றில் 1936இல் நிறுவப்பட்ட போர் நினைவுச் சின்னம் உள்ளது. ஒரு தாய், இறக்கும் தறுவாயிலுள்ள இரு மகன்களைத் தாங்கியிருக்கிறாள். ஒருவன் ஜெர்மனிக்காகவும் மற்றவன் பிரான்சுக்காகவும் போரிட்டவன். இருவர் உடலிலும் சீருடை இல்லை. எந்த நாட்டுக்காக இறந்தார்கள் என்ற சொல்லும் கல்லில் இல்லை. அங்கே நெடுநேரம் நின்றேன்.

அடுக்களை மாறவில்லை

மதியம் 'வின்ஷ்டுப்' எனப்படும் சிற்றுணவகம் ஒன்றில் நுழைந்தேன். மரச்சுவர், கட்டம்போட்ட மேசைவிரிப்பு. உணவுப் பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது சூக்ரூத். மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோசை உப்பிட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்து, உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சி, தொத்திறைச்சியுடன் பரிமாறுவார்கள். இந்தப் பிரெஞ்சுச் சொல்லே அல்சாசிய மொழியிலிருந்து வந்ததுதான்.

நான் கேட்டது ஃபிளாமகுவெஹ. தோசைபோல் மெல்லிய மாவின்மேல் பாலேடும் வெங்காயமும் பரப்பி, விறகடுப்பில் சுடுவது. முன்பு ரொட்டி சுடும் நாளில் அடுப்பின் சூட்டைச் சோதிக்க உழவர் வீடுகளில் செய்த பண்டமாம். பன்றி இறைச்சி வேண்டாம் என்றேன். காளான் போட்டுத் தந்தார்கள். ஓரம் மொறுமொறுப்பாகக் கருகி, அருமையாக இருந்தது.

கொடி எத்தனை முறை மாறினாலும் அடுக்களை மாறவில்லை என்று மகிழ்ந்தேன். ஆனால் அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை.

'புரியும், பேச வராது'

கல்லாவில் அமர்ந்திருந்த மூதாட்டி பக்கத்து மேசை முதியவருடன் அல்சாசிய மொழியில் பேசிக்கொண்டிருந்தார். பரிமாறிய இளைஞர் அவருடைய பேரன். பாட்டி அல்சாசியத்தில் ஏதோ சொல்ல, அவர் பிரெஞ்சில் பதில் சொன்னார். "உங்களுக்கு அந்த மொழி தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "புரியும், பேச வராது" என்றார்.

இதே சொற்களை நம் வீடுகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்!

அல்சாசியம் தேய்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. நாஜி ஆட்சி பிரெஞ்சு பேசுவதைத் தடைசெய்து, ஜெர்மானியத்தைத் திணித்தது. போருக்குப் பின் ஜெர்மானியச் சாயலுள்ள எதுவும் பகைவரின் அடையாளமாயிற்று. பிரெஞ்சு பேசுவதே நாகரிகம் என்று பரப்புரை நடந்தது. பள்ளியில் அல்சாசியம் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அவர்கள் பெற்றோரானபோது, தங்கள் பிள்ளைகளாவது அந்தச் சிறுமையை அடையக்கூடாதென்று பிரெஞ்சிலேயே பேசினர். 2012இல் எடுத்த கணக்கெடுப்பில், 60 வயதைக் கடந்தோரில் 74 விழுக்காட்டினர் அல்சாசியம் பேசத் தெரியும் என்றனர். 18 முதல் 29 வயதுக்குட்பட்டோரில் 12 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர்.

இன்று தெருப்பலகைகளில் இரு மொழிப் பெயர்களும் உள்ளன. பெற்றோர் சிலர் சங்கம் அமைத்து இருமொழிப் பள்ளிகளும் நடத்துகின்றனர். ஆயினும் பாட்டியிடமிருந்து இயல்பாக வரவேண்டியதைப் பள்ளியில் மீட்டெடுப்பது எளிதன்று.

நமக்கு ஒரு பாடம்

'தோசையும் பொங்கலும் இருக்கும்வரை தமிழ் எங்கே போய்விடும்?' என்று நானே முன்பு வாதிட்டதுண்டு. ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒவ்வோர் உணவகமும் அல்சாசியப் பெயர்களைச் சுமந்து நிற்கிறது. பட்டியலில் அம்மொழி வாழ்கிறது. மேசையைச் சுற்றியிருக்கும் பேச்சில் மெல்ல மறைகிறது. சமையல் குறிப்பை எழுதி வைத்து நூறாண்டு கழித்தும் சமைக்கலாம். ஒரு தலைமுறை பேசாமல் விட்ட மொழியை அப்படி எடுத்துவிட முடியாது.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பியதும் தங்கைக்குத் தொலைபேசினேன். வழக்கமாக நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். "சாப்பிட்டியா?" என்று தொடங்கினேன். சற்றுத் தயங்கி, "சாப்பிட்டேன் அண்ணா" என்றாள். அன்று முதல் எங்கள் பேச்சு தமிழில்தான்.