ஒன்றிய அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைக்கு



பவானிசாகர் பயிற்சி முடிந்து ஒன்றிய அலுவலகத்தில் சீட்டும் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். தபால் சீட். "லேடி ஸ்டாஃப், வந்த புதுசு, லைட்டா இருக்கட்டும்னுதான் குடுத்தோம்" என்று மேலாளர் சொன்னாராம். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் ஆண்கள் மொத்தமும் எதிர் டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள், திரும்பி வரும்போது யாருக்கு எந்த வேலை என்பது முடிவாகியிருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இந்தத் துறையில் மேலே வர ஆள் பழக்கம் வேண்டுமா, வேண்டுமென்றால் ஒரு பெண் அதை எங்கே போய்ச் சம்பாதிப்பது என்பது உன் கேள்வி.

வேண்டும். ஊரக வளர்ச்சித் துறையில் ஆள் பழக்கம் இல்லாமல் ஒரு தெருவிளக்குகூட எரியாது. ஆனால் டீக்கடைப் பழக்கம் இட மாறுதலுக்கு உதவும், அவ்வளவுதான். நாளைக்கு நீ ஒரு ஒன்றியத்தை நடத்தும்போது, இரவு எட்டு மணிக்கு ஓர் ஊரில் மோட்டார் ஓடவில்லை என்றால் உன் போனை யார் எடுக்கிறார்கள் என்பதில்தான் உன் தலைமை இருக்கிறது. அந்த ஆட்கள் உனக்கு மேலே இல்லை. பக்கத்திலும் கீழேயும் இருக்கிறார்கள்.

முதலில் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) அறையில், நாற்காலிக்குப் பின்னால், இதுவரை அந்தப் பதவியில் இருந்தவர்களின் பெயர்ப் பலகை இருக்கும். அதில் பெண் பெயர்கள் எந்த வருஷத்தில் ஆரம்பிக்கின்றன, எத்தனை என்று ஒரு நாள் நின்று பார். அரசுப் பணி நியமனத்தில் பெண்களுக்கு 30 சதவீதம் என்பது 1989-லேயே வந்தது. இப்போது 40. எழுத்தர் மேசைகளில் பாதிக்குப் பாதி நாம்தான். பலகையில் மட்டும் அந்தக் கணக்கு வராது. காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. தபால், பதிவறை, சம்பளப் பட்டியல் என்று நல்லெண்ணத்தோடு "லைட்" சீட்டிலேயே வைத்திருந்தவளுக்குத் திட்டப் பிரிவும் கணக்கும் தெரியாமல் போகும். பதவி உயர்வில் பிடிஓவாக வந்து உட்காரும்போது கையெழுத்து அவளுடையதாகவும் புத்தி கணக்கருடையதாகவும் இருக்கும்.

தபால் சீட்டை இகழாதே. ஒரு வருஷம் ஒழுங்காகப் பார். எந்த ஊராட்சியிலிருந்து எந்தப் புகார் திரும்பத் திரும்ப வருகிறது, ஆட்சியர் அலுவலகக் கடிதத்துக்கு எந்தப் பிரிவு பதில் போடாமல் வைத்திருக்கிறது என்பதெல்லாம் உன் கை வழியாகத்தான் போகும். வருஷம் முடிந்ததும் திட்டப் பிரிவு வேண்டும் என்று எழுதிக் கேள். வாயால் கேட்டால் "பாக்கலாம்மா" என்பார்கள். எழுதிக் கொடுத்தால் அதற்கு ஒரு கோப்பு எண் விழும்.

துறைத் தேர்வுகளைக் கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிடு என்று எங்கள் சீனியர்கள் சொல்வார்கள். கல்யாணம் உன் இஷ்டம். தேர்வு மே, டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு முறை வரும், தள்ளிப் போடாதே. பவானிசாகரில் உன்னோடு இருந்த பெண்களின் வாட்ஸ்அப் குழு இருக்கிறதல்லவா, அதில் காலை வணக்கம் அனுப்புவதை நிறுத்திவிட்டுப் பழைய வினாத்தாள் அனுப்புங்கள், அரசாணை அனுப்புங்கள். தகுதிகாண் பருவத்தில் பேறுகால விடுப்பில் போனதால், கூட வேலைக்கு வந்த ஆண்களுக்குப் பின்னால் தள்ளப்பட்ட பெண்கள் நம் துறையில் ஏராளம். விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் ஆனபோது இந்தச் சிக்கல் குறையவில்லை, கூடத்தான் செய்தது. அந்த விடுப்பையும் தகுதிகாண் பருவத்தில் சேர்த்துக்கொள்வதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. இதையெல்லாம் உன்னைக் கூப்பிட்டு யாரும் சொல்லமாட்டார்கள். பவானிசாகரில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் சொல்வாள். உன் பணிப் பதிவேட்டில் (எஸ்.ஆர்.) பதிவுகள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கிப் பார். வெட்கப்பட ஒன்றுமில்லை, அது உன் புத்தகம்.

இனி ஊருக்குப் போவது. நான் புதுக்கோட்டைக்காரி. 1991-ல் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் ஓட்டிப் பழகினார்கள், நானும் அந்தக் கூட்டத்தில்தான் பழகினேன். கையெழுத்துப் போடத் தெரிந்த பெண்ணைவிட சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண்ணைப் பார்த்துத்தான் ஊர் அதிகம் பயந்தது என்பது என் அபிப்பிராயம். பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டே தளத்தில் நிற்கிறவளிடம் யாரும் உண்மையான அளவைச் சொல்வதில்லை. உன்னிடம் ஸ்கூட்டி இருக்கிறது. ஓவர்சியரின் பைக் பின்னால் உட்கார்ந்து போகாதே. ஊர் பேசும் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் காட்டும் வேலையை மட்டும் பார்த்துவிட்டு வருவாய் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேம்ப் போகும்போது ஆண் அலுவலர்கள் யோசிக்கவே தேவையில்லாத கவலை ஒன்று நமக்கு உண்டு: எங்கே ஒதுங்குவது. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சுற்றிவிட்டுச் சிறுநீர்த் தொற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் என்னோடு வேலை பார்த்திருக்கிறார்கள். இதற்கு நான் கண்ட வழி, ஊருக்கு ஒரு வீடு. மகளிர் குழுத் தலைவி வீடு, பணித்தளப் பொறுப்பாளர் வீடு, அங்கன்வாடி அம்மா வீடு என்று எதுவாகவும் இருக்கலாம். கழிப்பறைக்காகப் போகிறோம், ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார்கள், திண்ணையில் ஐந்து நிமிஷம் பேச்சு. தொட்டி கழுவி எவ்வளவு நாளாச்சு, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை, நூறு நாள் வேலையில் வராத ஆளுக்கு யார் வருகை போட்டது, எல்லாம் அந்தத் திண்ணையில் கிடைத்துவிடும். டீக்கடைக்கு ஈடாக எனக்குக் கிடைத்தது இதுதான். இதில் ஒரு கண்டிப்பு மட்டும் வைத்துக்கொள்: ஒரே தெருவில் ஒரே வீடாக இருந்துவிடக் கூடாது. ஊரில் காலனி தனியாக இருந்தால் அங்கேயும் ஒரு வீடு இருக்கட்டும். அங்கேயும் தண்ணீர் வாங்கிக் குடி, நாலு பேர் பார்க்கும்படி.

பெண் தலைவர்களை எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தாய். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இருந்ததை 2016-ல் பாதியாக உயர்த்தித் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். 2019 டிசம்பர் தேர்தலில் அப்படி வந்தவர்கள் பலர். நான் அப்போது கிராம ஊராட்சி பிடிஓ. ஒரு நாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தீர்மானப் புத்தகத்தோடு வந்தார். புத்தகத்தில் தலைவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. தலைவருடைய டிஜிட்டல் கையெழுத்துக்கான டாங்கிள் வந்தவரின் சட்டைப் பையில் இருந்தது. "பிரசிடெண்ட் வெளியூர் மேடம், நான் அவங்க வீட்டுக்காரர்தான்" என்றார்.

இந்த இடத்தில் சட்டம் பேசி அவரை விரட்டலாம். அப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கும். அன்று ராத்திரி அதற்கான விலையை அந்தப் பெண்தான் வீட்டில் கொடுப்பாள். அதனால் பழியைத் தணிக்கையின் மேல் போட்டேன். "அண்ணே, எனக்கு ஒண்ணுமில்ல, லோக்கல் ஃபண்ட் ஆடிட்ல அப்ஜெக்‌ஷன் போட்டுட்டா உங்க வீட்டம்மா பதவிக்குத்தான் ஆபத்து, அவங்களையே வரச் சொல்லுங்க" என்றேன். மறுநாள் இருவரும் வந்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், அந்த அம்மா சுவரோரம் நின்றார். மேசைக்கு எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி, "தலைவர் இங்க உக்காருங்க" என்றேன். அவரிடம், "நீங்க ஒரு டீ சாப்பிட்டு வாங்கண்ணே, இது கையெழுத்து சரிபார்க்கிற வேலை, நேரமாகும்" என்றேன். போனார்.

தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே வந்தார். செலவுப் பட்டியலில் "மின்மோட்டார் காயில் கட்டிய வகையில்" என்று மூன்று பில் இருந்தது. அதில் கை வைத்து, "ஒரு தடவதான் கட்டுனாங்க" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "மோட்டார் ஓடலன்னா நாங்கதான மேடம் வயக்காட்டுக் கெணத்துக்குப் போறோம். அந்த மாசம் ஒருக்காதான் போனோம்." அந்த ஒன்றியத்தில் எந்தப் பொறியாளரும் எனக்குத் தராத தணிக்கைக் குறிப்பு அது. மற்ற இரண்டு பில்லையும் நிறுத்திவைத்தேன். டாங்கிளை அந்த அம்மாவின் கைப்பைக்குள் போடச் சொல்லி, ரகசிய எண்ணையும் அவரையே மாற்ற வைத்தேன். அடுத்த மாதம் துணைத் தலைவர் காசோலையில் கையெழுத்துப் போட மறுத்தார். இரண்டு கையெழுத்து இல்லாமல் ஊராட்சிப் பணம் நகராது, பெண் தலைவர்களையும் தலித் தலைவர்களையும் முடக்க இந்த ஒரு வழி போதும். அந்த அம்மா கணவரிடம் சொல்லாமல் நேராக எனக்குப் போன் போட்டார். "மறுத்ததை எழுதி அனுப்புங்க, இன்னைக்கே" என்றேன். எழுதி அனுப்பினார்.

இதை வைத்து, பெண்ணுக்குப் பெண் துணை என்று எளிதாக முடித்துவிடாதே. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. மற்றவர்களுக்கு நாற்காலி. அந்த ஊராட்சியின் செயலர் ஒரு பெண். பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நம் சங்கக் கூட்டங்களிலும் மகளிர் தினப் பேச்சுகளிலும் இந்தப் படத்தை யாரும் எடுப்பதில்லை, எடுக்க வேண்டும். ஓர் அறையில் பெண் அலுவலர் இருக்கிறார் என்பதாலேயே அந்த அறை இன்னொரு பெண்ணுக்கு நல்லதாகிவிடுவதில்லை. சாதி நம் புடவை முந்தானையிலும் ஒட்டிக்கொண்டுதான் அலுவலகத்துக்கு வருகிறது. கூட்டம் தொடங்குமுன் நாற்காலிகளை எண்ணிப் பார்ப்பதை வேலையின் பகுதியாக வைத்துக்கொள்.

தனியாக விடப்பட்ட பெண்ணுக்கு என்ன நேரும் என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதுரை வில்லாபுரத்தில் குடிதண்ணீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி 1997-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். நெல்லை மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி 2011-ல் வெட்டுப்பட்டு உயிர் பிழைத்தார். மிரட்டல் என்று ஒரு தலைவர் எழுதிக் கொடுத்தால் அது சாதாரணத் தபால் இல்லை. அன்றைக்கே பிடிஓ பார்வைக்கு வைத்து, காவல் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்று போன் போட்டுக் கேள். தபால் சீட்டில் இருக்கிற உன்னால் இன்றைக்கே செய்ய முடிந்த வேலை இது.

டீக்கடைக்குத் திரும்புகிறேன். போகலாமா என்றால், தாராளமாகப் போ. இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போ. ஒரு வாரம் பேச்சு நிற்கும், பிறகு பழகிவிடும். போகப் பிடிக்கவில்லையென்றாலும் குடி முழுகிவிடாது. அங்கே முடிவானதை நீ கோப்பில் கேட்கலாம்: வாய்மொழியாக வேலை சொன்னால் "தாங்கள் நேரில் தெரிவித்தபடி" என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பு. இரண்டு தடவை அப்படி எழுதினால், மூன்றாவது தடவை முன்கூட்டியே உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். இரவில் வேலை பேசுகிற சாக்கில் போன் போடும் மேலதிகாரிக்கும் இதே மருந்து. அதையும் தாண்டினால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற எந்த அலுவலகத்திலும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி புகார்க் குழு இருக்க வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் குழுவில் யார் யார் என்று இப்போதே கேட்டு வை. தேவை வந்த பிறகு கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்று அலுவலகமே கேட்கும்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. 2016 அக்டோபரிலிருந்து 2019 முடியும்வரை தலைவர்களே இல்லாமல் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்தினார்கள். 2019-ல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி அதே கதை. பதவி போன மறுநாளே அலுவலகம் அந்தப் பெண்களை மறந்துவிடுகிறது. ஐந்து வருஷம் டெண்டர், தணிக்கை, வெள்ளம், கொரோனா எல்லாம் பார்த்தவர்கள், இப்போது ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார்கள். சுழற்சியில் அவர்கள் ஊர் பொதுத் தொகுதியானால் மறுபடி நிற்க யாரும் விடமாட்டார்கள். உன் ஒன்றியத்தில் அப்படி எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் போடு. எண்களைச் சேமித்துக்கொள். கிராமசபை அன்று, 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சியில் நூறு பேர் வர வேண்டும் என்பதற்காக வேலைத்தளத்துப் பெண்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடுவார்கள் பார், அப்போது அந்த முன்னாள் தலைவியைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரச் சொல். வரவு செலவு வாசிக்கும்போது எந்த இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பட்டியல் போட்டதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. அதில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் நானே போன் போட்டு உன்னைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா