புலிக்கு எவ்வளவு பலம் வேண்டும்?

ஆடுபுலி ஆட்டத்திலிருந்து ஒரு கணக்குப் பாடம்

ஒரு பக்கம் மூன்று புலிகள், மறுபக்கம் பதினைந்து ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டால் புலியை வெட்ட முடியாது. கேட்பதற்கு அநியாயமான போட்டிதான். ஆனாலும் இந்த ஆட்டத்தைக் கோயில் திண்ணைகளிலும் பாறைகளிலும் கோடு கீறித் தலைமுறை தலைமுறையாக ஆடி வந்திருக்கிறோம். எப்போதும் புலியே வென்றிருந்தால் ஆடாக ஆட எவரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். வலியவனும் எளியவர்களும் மோதும் ஆட்டத்தை எப்படிச் சமன்செய்வது என்ற கேள்விக்கு நம் முன்னோர் கண்ட விடை இந்த ஆட்டம்.

இதே கேள்வி வகுப்பறையிலும் உண்டு. நாம் கொடுக்கும் கணக்கு மாணவருக்குப் புலியாகத் தோன்றினால் அவர் முயற்சியைக் கைவிடுகிறார். பூனையாகத் தோன்றினால் சலிப்படைகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80.09 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்தில் அது 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே மிகக் குறைவு. அன்று பள்ளிக்கு வெளியே நின்றவர்களின் பிள்ளைகள் பலர் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத ஒரு குழந்தை “எனக்குக் கணக்கு வராது” என்று முடிவு கட்டிவிட்டால், அந்த முடிவை மாற்றுவது கடினம். எனவே சவாலின் அளவைச் சரியாக வைப்பது நமக்கு இன்றியமையாத பணியாகிறது. அதைப் படிக்க ஆடுபுலி ஆட்டம் நல்ல களம்.

களத்தை வரைவோம்

உச்சிப் புள்ளி ஒன்றிலிருந்து கீழ்நோக்கி நான்கு கோடுகள் விரியட்டும். அவற்றின் அடிமுனைகளை ஒரு கிடைக்கோட்டால் இணையுங்கள். இடையில் அந்த நான்கு கோடுகளையும் வெட்டும்படி மூன்று கிடைக்கோடுகள் வரைந்து, அவற்றின் இடமுனைகளை ஒரு கோட்டாலும் வலமுனைகளை ஒரு கோட்டாலும் இணையுங்கள். உச்சியில் 1, மூன்று கிடைக்கோடுகளிலும் ஆறு ஆறாக 18, அடியில் 4 என மொத்தம் 23 புள்ளிகள் கிடைக்கும்.

மூன்று கூழாங்கற்களைப் புலிகளாகவும் பதினைந்து புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் வைத்துக்கொள்ளலாம். புலிகள் வழக்கமாக உச்சியிலும் அதையடுத்த இரு புள்ளிகளிலும் தொடங்கும். ஆடுகள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்கும். ஒரு ஆடு இறங்கியதும் ஒரு புலி நகரும். பதினைந்தும் இறங்கிய பின்னரே ஆடுகள் நகரலாம். பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் அதற்கடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டி அந்த ஆட்டை வெட்டலாம். மூன்று புலிகளும் அசைய முடியாதபடி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. எத்தனை ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை வகுப்பே பேசி முடிவு செய்யட்டும்.

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் உண்டு. தெலுங்கில் இது புலி மேக்கா, கன்னடத்தில் ஆடு ஹுலி. “உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்? எத்தனை காய்? எப்போது வெற்றி?” என்று கேட்டுவரச் சொல்லுங்கள். மாணவர்கள் கொண்டுவரும் வேறுபட்ட விதிகளே பாடத்தின் முதல் தரவு.

களத்தில் ஒளிந்திருக்கும் கணக்கு

தொடக்க வகுப்பினர் புள்ளிகளை எண்ணுவார்கள். 23 புள்ளிகளில் 18 காய்கள் அமர்ந்தால் காலி இடம் 5. ஓர் ஆடு வெட்டுப்பட்டால் 6, ஐந்து ஆடுகள் வெட்டுப்பட்டால் 10. ஆடு குறையும்போது புலிக்கு ஓடும் இடம் கூடுகிறது. அதாவது ஆடுகள் இழப்பது ஒரு காயை மட்டுமல்ல, புலியை அடைக்கும் வாய்ப்பையும் சேர்த்துத்தான்.

நடுநிலை வகுப்பினர் ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை பக்கத்துப் புள்ளிகள் என்று எழுதட்டும். செவ்வகத்தின் நான்கு மூலைகளுக்கும் அடிக்கோட்டின் இரு முனைகளுக்கும் இரண்டு இரண்டு. உச்சிக்கும் நடுப்புள்ளிகளுக்கும் நான்கு. அனைத்தையும் கூட்டினால் 76 வரும். கோட்டுத் துண்டுகளை எண்ணினால் 38. ஏன் சரிபாதி? ஒவ்வொரு துண்டுக்கும் இரு முனைகள் என்பதால் அது இருமுறை எண்ணப்படுகிறது. இதை மாணவர்களே கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள்.

அடுத்த கேள்வி: எந்தப் புள்ளியில் நிற்கும் ஆட்டைப் புலியால் வெட்டவே முடியாது? தாண்டுவதற்கு ஆட்டின் இருபுறமும் ஒரே நேர்கோட்டில் புள்ளிகள் வேண்டும். உச்சி, செவ்வகத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள் ஆகிய ஏழு புள்ளிகளும் கோடுகள் முடியும் இடங்கள். எனவே அங்கு ஆட்டுக்கு ஆபத்து இல்லை. இதைக் கண்டுபிடித்த மாணவர் அடுத்த ஆட்டத்தில் வேறு விதமாகக் காய் வைப்பார். ஆடு அதே ஆடுதான், புலியும் அதே புலிதான். நிற்கும் இடம் மாறியதும் பலம் மாறிவிட்டது.

நேபாளத்தின் பாக்சால் ஆட்டம் நம்முடையதற்கு உறவு. அதில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். ஐந்து ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. லிம், நீவர்கெல்ட் என்ற கணினி அறிவியலாளர்கள் இதைக் கணினியால் ஆராய்ந்து, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்று காட்டினர். காய்கள் சமமில்லை, விதிகள் சமமில்லை, ஆனால் வாய்ப்பு சமம்.

கதைக்குள் நுழையும் புலி

இந்தக் கணக்கை உலகில் வேறு சிலரும் போட்டு வருகிறார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டனர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசி, முடிவெடுத்து, பகடை உருட்டுவார்கள். வழியில் அரக்கர்களும் விலங்குகளும் எதிர்ப்படும். ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளிகள் உண்டு. அடிபட்டால் அவை குறையும். அரக்கனை எவ்வளவு வலியவனாக வைப்பது என்பதுதான் கதை நடத்துபவரின் பெரிய கவலை. 2014இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பின் வழிகாட்டி நூல், மூன்று முதல் ஆறு எதிரிகள் சேர்ந்து வந்தால் அவர்களின் மொத்த மதிப்பை இரு மடங்காகக் கணக்கிடச் சொல்கிறது. எண்ணிக்கை கூடினால் பலம் வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது என்பதே அதன் பொருள். இது உண்மையா என்பதை 9, 10ஆம் வகுப்பில் நாமே சோதிக்கலாம்.

கதைக் களத்துக்குத் தொலைவு போக வேண்டாம். தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரை மீட்டு மாண்டவர்களுக்கும் புலியோடு பொருது மாண்டவர்களுக்கும் ஊரார் கல் எடுத்தனர். அந்த ஊர் ஒன்றை வகுப்பில் கற்பனை செய்வோம். பட்டியில் ஆடுகள், எல்லையில் புலி. நான்கு மாணவர்கள் ஊரார், ஒருவர் கதை நடத்துபவர்.

விதிகள்:

1. ஊராருக்குத் தலா 6 உயிர்ப்புள்ளிகள். பகடையில் 4, 5, 6 விழுந்தால் புலிக்கு 2 புள்ளி குறையும்.
2. புலிக்கு 3, 4, 5, 6 விழுந்தால் ஊராரில் ஒருவருக்கு 3 புள்ளி குறையும்.
3. ஒவ்வொரு சுற்றிலும் ஊரார் முதலில் உருட்டுவர், புலி கடைசியில்.
4. புலி ஒருவரைப் பிடித்தால் அவர் வீழும் வரை அவரையே தாக்கும்.

பகடை இல்லையெனில் 1 முதல் 6 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு எடுக்கலாம். எடுத்த சீட்டை மீண்டும் உள்ளே போட வேண்டும்.

இனி நிகழ்தகவு. ஊராரில் ஒருவர் வெல்லும் வாய்ப்பு 1/2, எனவே ஒரு சுற்றில் சராசரியாக 1 புள்ளி குறைப்பார். புலியின் வாய்ப்பு 2/3, எனவே சுற்றுக்கு 2 புள்ளி. அதாவது மூன்று சுற்றுக்கு ஒருவர் வீழ்வார். நான்கு பேர் மூன்று சுற்று, மூன்று பேர் மூன்று சுற்று என்று போனால் ஊரார் மொத்தம் குறைக்கக்கூடியது 12 + 9 + 6 + 3 = 30 புள்ளிகள். இப்போது புலியின் பலத்தை மாற்றிப் பார்ப்போம்.

- புலிக்கு 12 உயிர்ப்புள்ளி: மூன்றாம் சுற்றில் புலி வீழும். ஊராரில் எவரும் வீழமாட்டார்.
- 24 புள்ளி: எட்டாம் சுற்றில் புலி வீழும். அதற்குள் இருவர் வீழ்ந்திருப்பர்.
- 30 புள்ளி: பன்னிரண்டாம் சுற்று வரை நீளும். ஒருவர் மட்டும் மிஞ்சுவார்.
- 36 புள்ளி: ஊரார் தோற்பர்.

புலியின் பலம் மும்மடங்கானது, அவ்வளவுதான். ஆனால் ‘எவரும் வீழவில்லை’ என்ற நிலை ‘எவரும் மிஞ்சவில்லை’ என்று தலைகீழானது. ஒருவர் வீழ்ந்ததும் மீதியுள்ளோரின் பலமும் குறைவதே காரணம். ஆடுபுலிக் களத்தில் ஆடு குறையும்போது பார்த்த அதே நிலை இது.

ஊரார் எண்ணிக்கையை மாற்றினால்? ஒருவர் தனியாகப் போனால் 3 புள்ளி. இருவர் 9, மூவர் 18, நால்வர் 30, ஐவர் 45, அறுவர் 63. இது 3 × n(n+1)/2 என்ற வடிவம். பத்தாம் வகுப்பின் எண்களும் தொடர்வரிசைகளும் பாடத்தில் வரும் முதல் n இயல் எண்களின் கூடுதல் இங்கே உயிரோடு நிற்கிறது. ஆள் இருமடங்கானால் பலம் மும்மடங்கோ அதற்கும் மேலோ.

இன்னொரு மாற்றம். புலி ஒருவரையே தாக்காமல் எல்லோரையும் மாறி மாறித் தாக்குவதாக வைப்போம். எல்லோரும் ஒருமுறை அடிபட்ட பிறகே ஒருவர் வீழத் தொடங்குவார். அப்போது நால்வரின் மொத்தம் 30 அல்ல, 39. எவருடைய புள்ளியையும் நாம் தொடவில்லை. சுமை பகிரப்பட்டது, அவ்வளவே.

இவை சராசரிகள். பகடை சராசரிப்படி விழாது. எட்டுக் குழுக்கள் ஆடினால் எட்டு முடிவுகள் வரும். அவற்றைக் கரும்பலகையில் பட்டியலிட்டு, கணக்கிட்ட சுற்றுகளோடு ஒப்பிடச் செய்யுங்கள். கோட்பாட்டு நிகழ்தகவுக்கும் பட்டறி நிகழ்தகவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியாக விளக்கத் தேவை இருக்காது. பிறகு ஒரு சவால்: “ஊரார் வெல்வது உறுதியாகவும் இருக்கக் கூடாது, தோற்பது உறுதியாகவும் இருக்கக் கூடாது. உங்கள் குழுவுக்கு ஏற்ற புலியை வடிவமையுங்கள்.” காரணம் எழுதிய பின்பே ஆடிப் பார்க்க வேண்டும்.

வகுப்பறைப் புலி

இந்தப் பாடத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. புலியின் பலம் புலியிடம் மட்டும் இல்லை. எதிரே எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள், சுமையை எப்படிப் பகிர்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

ஒரு மாணவருக்குக் கணக்கு கடினமாக இருந்தால், கணக்கை எளிதாக்குவதே நமக்கு முதலில் தோன்றும் வழி. எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைக்கேற்ற செயல்பாடு கொடுப்பது தேவையானதே. ஆனால் புலியின் பலத்தைக் குறைப்பது மட்டுமே எப்போதும் வழியானால், அந்தக் குழந்தை பெரிய புலியைப் பார்க்காமலேயே வகுப்புகளைக் கடந்துவிடும். வேறு மூன்று வழிகள் நம் கையில் உள்ளன.

எண்ணிக்கை: அதே கணக்கைத் தனியாக அல்லாமல் மூவராகச் செய்யச் சொல்லலாம். இடம்: அவருக்குப் பழக்கமான சந்தை, பால் கணக்கு, மாந்தோப்பு என்ற களத்தில் கணக்கைத் தொடங்கலாம். அது கோடு முடியும் புள்ளியில் ஆட்டை நிறுத்துவது போன்றது. பகிர்வு: ஒருவர் படம் வரைய, ஒருவர் சமன்பாடு எழுத, ஒருவர் சரிபார்க்க, அடுத்த கணக்கில் பொறுப்புகளை மாற்றலாம். எப்போதும் ஒருவரே அடி வாங்கி முதலில் வீழ்வதை இது தடுக்கும்.

குழு வென்ற பிறகு ஆள் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறையுங்கள். மூவர், பிறகு இருவர், பிறகு தனியாக. புலி அதே புலியாக இருக்கட்டும். நேற்று நால்வராக வென்ற கணக்கை இன்று தனியாக வென்றதை அந்த மாணவரே அறிவார்.

உங்கள் ஊரில் வழங்கும் ஆடுபுலி விதிகளையும், உங்கள் மாணவர்கள் வடிவமைத்த புலிகளையும் குறுவள மையக் கூட்டத்தில் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரு பள்ளியின் புலியை அடுத்த பள்ளி எதிர்கொள்ளட்டும்.